நகரத்தில் யாருக்கு இடம்?

நகரம் வளர்கின்றது என்று கூறும்பொழுது நாம் எதனைக் கருதுகின்றோம்? கண்ணில் முதலிற் படுவதையே பெரும்பாலும் கருதுகின்றோம். வானளாவிய கட்டடங்கள், அகன்ற வீதிகள், இரவைப் பகலாக்கும் விளக்குகள் ஆகியவற்றின் பெருக்கமே நகரத்தின் வளர்ச்சி எனப் பத்திரிகைகளும் அமைச்சர்களும் எமக்குச் சொல்லித் தந்துள்ளனர். அதே நகரத்தில் வாழும் வறியவர்களைப் பற்றிப் பேச நேரும்பொழுது, அவர்களை இவ்வளர்ச்சிக்குப் புறம்பானவர்களாக, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவர்களாகக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. வளர்ச்சி ஒரு கதை, வறுமை வேறொரு கதை எனப் பிரித்துப் படிக்கும் இவ்வழக்கத்தை ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாமாவது ஏற்றுக்கொள்ளலாகாது. ஒரே காரணத்திலிருந்தே இரண்டும் பிறந்தன என்பதை எமது தலைநகரின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

2007 ஆம் ஆண்டளவில், மனித வரலாற்றிலே முதன்முறையாக, உலக மக்களிற் பாதிப்பேர் நகரவாசிகளாயினர் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் கணிப்பு. நகரவாசிகளுள் 100 கோடிக்கு மேற்பட்டோர் சேரிகளிலும் அவற்றை ஒத்த குடியிருப்புகளிலும் வாழ்கின்றனர் என்றும் அச்சபை கூறுகின்றது. இவர்களுட் பெரும்பாலோர் ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாட்டவர்; அந்நிய ஆட்சியின் கீழ் நெடுங்காலம் கிடந்த நாடுகளின் மக்கள். மும்பாய், டாக்கா, லாகோஸ் முதலிய மாநகரங்களோடு ஒப்பிடுமிடத்து எமது கொழும்பு மிகச் சிறியது. ஆயினும், பெருநகரங்களின் இரைச்சலில் மறைந்துபோகும் ஓர் உண்மையை இச்சிறு நகரிலே நாம் எளிதாகக் காணலாம்.

நாம் வட கொழும்பிலே பல ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்தோம். வகுப்பின் வரவு இடாப்பில் மாணவரின் முகவரிகளை எழுதும்பொழுது எமது கவனத்தை முதலில் ஈர்த்தவை அவற்றின் இலக்கங்களே. ஓர் இலக்கம், அதன்பின் ஒரு சாய்கோடு, அதன்பின் இன்னோர் இலக்கம், சில வேளைகளில் மீண்டும் ஒரு சாய்கோடும் இலக்கமும். மாநகர சபையின் ஏட்டிலே ஒரே வளவாக இருந்த காணியில் எத்தனை குடும்பங்கள் அடைந்து வாழ்கின்றன என்பதை அச்சாய்கோடுகளே கூறின. பாடசாலைக்கு வராத பிள்ளைகளைத் தேடிச் செல்லும் வழக்கம் எமக்கிருந்தது. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய ஒழுங்கைகளினூடாக அவ்விலக்கங்களைத் தேடிச் சென்றபொழுதுதான், நாம் கற்பித்த நகரத்துக்கும் எமது மாணவர் வாழ்ந்த நகரத்துக்கும் இடையிலுள்ள தூரம் எமக்குப் புலனாயிற்று.

இவ்வொழுங்கைகள் எவ்வாறு தோன்றின? 1875 ஆம் ஆண்டிலே கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பத்து ஆண்டுகளின் பின் அவ்வணை நிறைவெய்தியபொழுது, அதுகாறும் காலித் துறையை நாடிய கப்பல்கள் கொழும்பை நாடலாயின. மலைநாட்டிலே இலைநோயினால் கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலமும் அதுவே. தேயிலையும் தேங்காயும் இறப்பரும் வந்து குவியப் பண்டசாலைகள் எழுந்தன; ஆலைகளும் வேலைத்தலங்களும் பெருகின. மூட்டை சுமக்கவும் நிலக்கரி அள்ளவும் வண்டி இழுக்கவும் மலம் வாரவும் ஆட்கள் தேவைப்பட்டனர். அவர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்ய வேண்டும். கூப்பிட்டவுடன் வந்து சேரத்தக்க தூரத்திலும் இருக்க வேண்டும். தென்னிந்தியாவிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் தென்னிலங்கைக் கிராமங்களிலிருந்தும் அத்தகையோர் வந்தனர். அவர்களின் உழைப்பை வாங்கியவர்கள் அவர்களுக்கு வீடு அமைத்துக் கொடுக்கும் கடமையை ஏற்கவில்லை. வடக்கே வாழ்ந்த தனவந்தர்கள் கறுவாத்தோட்டம் முதலிய தென்பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். பழைய வளவுகளில் வரிசை வரிசையாகச் சிற்றறைகள் எழுந்தன. அவற்றுக்கு வாடகை அறவிடப்பட்டது. இவையே கொழும்பு மக்கள் இன்றும் தோட்டங்கள் என வழங்கும் குடியிருப்புகள். அவற்றிலும் இடம் கிடையாதவர்கள் பிற்காலத்தில் கால்வாய்க் கரைகளிலும் புகையிரதப் பாதையோரங்களிலும் பலகையாலும் தகரத்தாலும் முடுக்கு வீடுகளை அமைத்துக் கொண்டனர்.

எனவே நகர வறியவர்களை நகரத்துக்குப் புறம்பானவர்கள் எனக் கூறுவது வரலாற்றைத் தலைகீழாக்குவதாகும். துறைமுகத்தோடு பிறந்தவர்கள் அவர்கள். 1923 ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தின்போது கொழும்பை அசையாது நிறுத்தியவர்களும் இத்தொழிலாளரே. இலங்கையின் தொழிற்சங்க இயக்கத்துக்கு அடித்தளமாய் அமைந்த ஒற்றுமை, வேலைத்தலத்திலே மாத்திரமன்றி இவ்வொழுங்கைகளின் பொதுக் குழாயடியிலும் வளர்ந்ததென்பதை மறந்துவிடலாகாது.

இங்கு ஒரு பொதுவான வாதத்தை ஆராய்ந்து பார்த்தல் அவசியம். கிராமத்து மக்கள் கட்டுக்கடங்காது நகரத்துக்குப் படையெடுக்கின்றனர், அதனாலேயே சேரிகள் பெருகுகின்றன என்பது அவ்வாதம். பல நாடுகளைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். கொழும்பைப் பொறுத்தவரை கணக்கு வேறு விதமாகப் பேசுகின்றது. 1981 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலே கொழும்பு மாநகரின் சனத்தொகை 5 இலட்சத்து 87 ஆயிரத்துக்குச் சற்று அதிகம். 2012 ஆம் ஆண்டின் மதிப்பீட்டிலோ அது 5 இலட்சத்து 61 ஆயிரத்துச் சொச்சம். முப்பத்தொரு ஆண்டுகளின் எல்லையில் நின்று பார்க்கும்பொழுது மாநகரின் மக்கள் தொகை கூடவில்லை, குறைந்தே இருக்கின்றது. 1940களில் வந்த இலவசக் கல்வி, கிராமங்கள்தோறும் பரவிய வைத்தியசாலைகள், 1979 வரை நீடித்த பங்கீட்டு அரிசி, கம்பஹாவிலிருந்தும் பாணந்துறையிலிருந்தும் காலையில் வந்து மாலையில் திரும்பத்தக்க புகையிரதமும் பேருந்தும் ஆகியன கிராமத்தானைக் கிராமத்திலேயே வாழ இயலுமாக்கின. மக்கள் போராடிப் பெற்ற சமூக நலன்களின் பயன் இது.

அவ்வாறிருந்தும் 2012 ஆம் ஆண்டளவில் நகர அபிவிருத்தி அதிகாரசபை எடுத்த கணக்கின்படி, கொழும்பு மாநகரில் 1,499 வசதி குறைந்த குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் வாழ்ந்தன. அவை பிடித்திருந்த நிலம் ஏறத்தாழ 900 ஏக்கர். குடும்பத்துக்கு நால்வர் எனக் கொண்டாலும் நகரத்தவரிற் பாதிப்பேர் இவர்கள். நிலத்திலோ இவர்களுக்குக் கிடைத்தது பத்தில் ஒரு பங்களவே. புதிதாக வந்து குவியும் கூட்டம் இல்லாத ஒரு நகரத்திலும் பாதிப்பேர் இவ்வாறு வாழ்கின்றனர் என்றால், காரணத்தைக் கூட்டத்தின் மேற் சுமத்த முடியாது. கூலியிலும் நிலத்தின் பங்கீட்டிலுமே அதனைத் தேடல் வேண்டும்.

கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலிருந்த ஒரு தோட்டத்திலே எமது மாணவி ஒருத்தியின் குடும்பம் வாழ்ந்தது. தகப்பனார் புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமை. வெங்காய லொறிகள் வந்து நிற்கும் விடியற்புறத்திலே அவர் கால்நடையாகப் புறப்பட்டுவிடுவார். முதலில் நிற்பவனுக்கே முதல் மூட்டை. தாயார் இரவு மாவறுத்து வைத்து அதிகாலையில் இடியப்பம் அவித்து, ஒழுங்கை முனையிலிருந்த இரண்டு தேநீர்க் கடைகளுக்குக் கொடுப்பார். எட்டு மணிக்குப் பின் அரை மணி நடைத் தூரத்திலுள்ள ஒரு வீட்டிலே துணி துவைக்கப் போவார். இளைய குழந்தையை அடுத்த அறையிலிருந்த சிங்களக் கிழவியார் பார்த்துக்கொள்வார். அக்கிழவியாருக்கு மதியச் சோறு இவ்வீட்டிலிருந்து செல்லும். கூலியில்லாத நாட்களில் முனைக்கடை முஸ்லிம் முதலாளியின் கடன் கொப்பியில் ஒரு வரி எழுதப்படும். மாதம் ஒருமுறை சீட்டு விழும். இவையெல்லாம் சேர்ந்தே அக்குடும்பத்தின் வருமானம். இவற்றுள் எதுவும் அரசாங்கப் புள்ளிவிவரத்தில் இடம்பெறுவதில்லை. எதனையும் வேறிடத்துக்கு எடுத்துச் செல்லவும் இயலாது. நகர ஏழைக்கு வீடு என்பது கூரையும் சுவரும் மாத்திரமன்று. வேலைக்கு நடந்து செல்லத்தக்க தூரமும் கடன் கொடுக்கத்தக்க அயலும் அவ்வீட்டிலே அடங்கியுள்ளன.

இதனால் தோட்டத்து வாழ்க்கையை நாம் புகழ்ந்துரைக்கின்றோம் என எவரும் கருதவேண்டா. ஒரு குழாயடியில் முப்பது குடங்கள் வரிசையில் நின்றதை நாம் கண்டோம். பொது மலகூடத்துக்கு இரவிலே போக அஞ்சிப் பிற்பகலுக்குப் பின் தண்ணீர் அருந்துவதையே நிறுத்திய பெண்பிள்ளைகள் எமது வகுப்பில் இருந்தனர். மழை பெய்தால் அழுக்கு நீர் வீட்டுக்குள் வந்தது. டெங்குக் காய்ச்சல் ஆண்டுதோறும் வந்தது. போதைப்பொருள் விற்போரும் வந்தனர். வறுமைக்கு அழகு கற்பிப்பது எழுத்தாளனின் வேலையன்று. இக்கொடுமைகளை நீக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. எவ்வாறு நீக்குவது என்பதே வினா.

அவ்வினாவுக்கு எமது நாடே ஒரு காலத்தில் விடை கண்டிருந்தது. 1970 ஆம் ஆண்டில் அமைந்த கூட்டரசாங்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயினார். 1973 ஆம் ஆண்டின் முதலாவது சட்டமாக வந்த வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம், ஒருவர் எத்தனை வீடுகளை வைத்திருக்கலாம் என்பதற்கு எல்லை வகுத்தது. எல்லைக்கு மேற்பட்டவை அரசுடைமையாயின. தோட்டங்களில் வாடகைக்கிருந்த பெருந்தொகையினர் தம் குடியிருப்பின் மேல் உரிமை பெற வழி பிறந்தது. அதே ஆண்டில் உருவான பொது வசதிகள் சபை தோட்டங்களுக்குக் குழாயும் மலகூடமும் அமைக்கும் பொறுப்பை ஏற்றது. பின்னர் ஆட்சி மாறிற்று. திறந்த பொருளாதாரம் வந்தது. எனினும் 1984 இல் அன்றைய பிரதமர் பிரேமதாசவின் கீழ்த் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத்திட்டம், அரசாங்கம் வீடு கட்டிக் கொடுப்பதிலும் பார்க்க மக்கள் தாமே கட்டுவதற்குத் துணை நிற்பதே மேலெனக் கொண்டது. இரண்டு பேர்ச்சஸ் அளவான சிறு துண்டு நிலமேனும் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது, சிறுகடன் வழங்கப்பட்டது, தோட்டங்களில் மக்கள் மன்றங்கள் அமைக்கப்பட்டுப் பாதையும் வடிகாலும் எங்கே அமைய வேண்டும் என்பதை அங்கு வாழ்வோரே கூடிப் பேசினர். 1987 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அனுட்டித்ததற்கும் இலங்கை முன்வைத்த பிரேரணையே மூலம்.

இத்திட்டங்களிற் குறைகள் இருந்தன. கொடுக்கப்பட்ட தாள் பல இடங்களில் முழு உறுதியாக இருக்கவில்லை. கட்சிக்காரருக்கு முதலிடம் கிடைத்தது. கடன் தொகையும் போதவில்லை. ஆயினும் அவற்றின் விளைவை நாம் நேரிற் கண்டுள்ளோம். இனி எவரும் எழுப்பமாட்டார் என்ற நம்பிக்கை பிறந்த தோட்டங்களிலே பலகைச் சுவர் ஆண்டுக்கொரு பக்கமாகக் கற்சுவராயிற்று. சீட்டு விழுந்த மாதத்தில் சீமெந்து வந்தது. மகன் மத்திய கிழக்கிலிருந்து பணம் அனுப்பிய ஆண்டில் மேல்மாடி எழுந்தது. வறியவன் தன் வீட்டைத் தானே திருத்திக்கொள்ள ஆற்றலுடையவன். நிலத்தின் மீது உறுதிப்பாடு ஒன்றே அவனிடம் இல்லாதிருந்தது. இவ்வனுபவத்தைக் கற்க வேறு நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்த காலமும் ஒன்றிருந்தது.

பின்னர் நிகழ்ந்தது யாது? நகர நடுவின் நிலம் விலையேறிற்று. விலையேறிய நிலத்தில் வறியவர் குடியிருப்பதைப் பணத்தின் தர்க்கம் பொறுத்துக்கொள்வதில்லை. 1990களின் இறுதியிலேயே, தோட்டத்து மக்களை உயர்ந்த மாடிகளில் ஏற்றிவிட்டு, விடுபடும் நிலத்தை விற்று அச்செலவை ஈடுசெய்யலாம் என்ற எண்ணம் உருவாகியிருந்தது. போர் முடிந்த மறு ஆண்டாகிய 2010 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. குடியிருப்புப் பிரச்சினையைப் படைத்துறைப் பொறுப்பாக்கிய இம்மாற்றத்தின் பொருளை மக்கள் விரைவில் உணர்ந்தனர். அவ்வாண்டு மே மாதத்திலே கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் படையினர் சூழ்ந்து நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. அடுத்துவந்த ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டோருட் காணி உறுதி வைத்திருந்தோரும் இருந்தனர். வனாத்தமுல்லை, தெமட்டகொடை, மட்டக்குளி முதலிய பகுதிகளிலே பன்னிரண்டு மாடிகளும் அதற்கு மேலுமாகத் தொடர்மாடிகள் எழுந்தன. ஒரு குடும்பத்துக்குச் சுமார் 400 அல்லது 500 சதுர அடி. அதுவும் இலவசமன்று. பெரும்பாலான குடும்பங்களிடமிருந்து முற்பணமும் மாதத் தவணைகளுமாகச் சுமார் 10 இலட்சம் ரூபா, முப்பது ஆண்டுகள் வரை நீளும் காலத்துக்கு அறவிடுவதே ஏற்பாடு.

மேலே கூறிய குடும்பமும் அவ்வாறு மாறிச் செல்ல வேண்டியதாயிற்று. தவணை விவரம் எழுதிய தாளைத் தகப்பனார் எம்மிடம் கொணர்ந்து வாசித்துப் பொருள் கூறுமாறு கேட்டார். மாதத் தொகையையும் ஆண்டுகளையும் கூறினோம். அவர் சிறிது நேரம் விரல்களை மடக்கி எண்ணினார்.

"எனக்கு இப்ப அம்பத்திநாலு வயசு சேர். அப்ப எண்பத்திநாலு வயசு வரைக்கும் நான் மூட்டை தூக்கணுமா?"

இவ்வினாவுக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் விடை இல்லை. நாட்டாமையின் முதுகு முப்பது ஆண்டு உழைக்குமா என்பதைக் கணக்கிடாமலே முப்பது ஆண்டுத் தவணை வகுக்கப்பட்டுள்ளது.

அவர்கள் எட்டாம் மாடிக்குச் சென்றபின் நாம் அங்கே பலமுறை சென்றோம். கிடைத்த நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. வீட்டுக்குள்ளேயே மலகூடம் இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. மழைக்கு அஞ்ச வேண்டியிருக்கவில்லை. "இப்ப ராத்திரியிலயும் தண்ணி குடிக்கிறேன் சேர்" என்று எமது மாணவி சிரித்துக்கொண்டு கூறினாள். அச்சிரிப்பை நாம் அற்பமாகக் கருதவில்லை. ஆனால் இழந்தவற்றையும் எண்ண வேண்டும். விடியற்புறம் புறக்கோட்டைக்குச் செல்லப் பேருந்து இல்லை. முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தால் முதல் மூட்டையின் கூலி போய்விடும். நடந்து சென்றால் முதல் மூட்டையே போய்விடும். எட்டாம் மாடியில் அவித்த இடியப்பத்தை வாங்கத் தேநீர்க் கடை இல்லை. துணி துவைக்கும் வேலையும் தூரத்தால் நின்றது. குழந்தையைப் பார்க்க அக்கிழவியார் இல்லை. அவருக்கு வேறொரு கட்டடத்தில் வீடு கிடைத்திருந்தது. கடன் கொப்பியும் இல்லை, ஏனெனில் புதிய கடைக்காரருக்கு இவர்களைத் தெரியாது. செலவுப் பக்கத்திலோ தவணையும் மின்சாரமும் தண்ணீரும் பராமரிப்புக் கட்டணமும் புதிதாகச் சேர்ந்தன. வீடு உயர்ந்தது, வருமானம் தாழ்ந்தது. க.பொ.த. சாதாரண தரத்தில் நல்ல பேறு பெற்ற எமது மாணவி, இரண்டு ஆண்டு உயர்தரம் படிக்க எண்ணியிருந்தவள், ஓராண்டுக்குள் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். தவணையில் ஒரு பகுதி அவளுடைய சம்பளத்திலிருந்து செல்கின்றது.

இடர்காலங்களே ஒரு கட்டடத்தின் இயல்பைக் காட்டுவன. 2020 ஆம் ஆண்டின் இறுதியில் கொரோனாத் தொற்று வட கொழும்பைப் பற்றியபொழுது தொடர்மாடிகள் முழுமையாக மூடப்பட்டன. நாட்கூலி நின்ற வீடுகளுக்கு உலர் உணவுப் பொதி வரும்வரை காத்திருப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, மார்ச்சு மாத இறுதியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மின்சாரம் இல்லையேல் மின்தூக்கி இல்லை. நீரை மேலேற்றும் இயந்திரமும் இல்லை. கர்ப்பிணிகளும் முதியவர்களும் வாளியோடு படியேறினர். எரிவாயு கிடையாத நாட்களில் தோட்டத்து மக்கள் முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகு எரித்தனர். எட்டாம் மாடியில் எங்கே அடுப்பு மூட்டுவது? உலக வங்கியின் கணிப்பின்படி 2021 க்கும் 2022 க்கும் இடையில் இலங்கையின் வறுமை 13.1 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 25 சதவீதமாகப் பெருகிற்று; நகரங்களிலோ 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக, அதாவது மும்மடங்காயிற்று. கிராமத்தவனுக்கு ஒரு மரவள்ளிக் கிழங்கேனும் மண்ணிலிருந்து கிடைத்தது. மண்ணிலிருந்து எட்டு மாடி உயர்த்தப்பட்டவனுக்கு எல்லாமே காசு.

நிலம் இவ்வாறு பங்கிடப்படுவதைப் போலவே நகரத்தின் கழிவும் பங்கிடப்படுகின்றது. கொழும்பின் குப்பை முன்பு வட கொழும்பின் புளுமெண்டால் பகுதியிற் குவிக்கப்பட்டது. பின்னர் மாநகர எல்லைக்கு வெளியே, கொலன்னாவையைச் சேர்ந்த மீதொட்டமுல்லையிற் கொட்டப்பட்டது. அங்கு வாழ்ந்த மக்கள் பல ஆண்டுகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2017 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டு தினத்திலே, சுமார் 300 அடி உயரமான அக்குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடிற்று. முப்பத்திரண்டு பேர் மாண்டனர். அக்குப்பையில் மீதொட்டமுல்லை மக்களின் பங்கு எவ்வளவு? எங்கே பேரம் பேசும் பலமற்ற மக்கள் வாழ்கின்றனரோ அங்கே குப்பை செல்கின்றது. எங்கே விலையுயர்ந்த நிலம் இருக்கின்றதோ அங்கிருந்து அம்மக்கள் செல்கின்றனர். இரண்டையும் செலுத்துவது ஒரே கணக்கு.

இது கொழும்புக்கு மாத்திரம் உரிய கதையன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையைப் பாருங்கள். 1970 ஆம் ஆண்டில் அங்கே அமைக்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் தொடக்ககாலத்திலே குடிசைகள் இருந்த இடங்களிலேயே மாடி வீடுகளைக் கட்டிற்று. 2000 ஆம் ஆண்டளவிலிருந்தோ கூவம் முதலிய நீர்க்கரைகளில் வாழ்ந்தோர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பின்னர் பெரும்பாக்கம் எனச் சுமார் 20 கிலோமீற்றரும் அதற்கு மேலும் விலக்கி அனுப்பப்பட்டனர். 2015 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தின் பின் இவ்வெளியேற்றம் விரைவடைந்தது. வீட்டு வேலைக்கும் மீன் விற்பனைக்கும் நகரத்தையே நம்பியிருந்த பெண்கள் பேருந்துக் கட்டணத்தைக் கணக்கிட்டு வேலையைக் கைவிட நேர்ந்தது. வெள்ள அபாயத்திலிருந்து காப்பதாகக் கூறிக் குடியேற்றிய இடங்களோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அண்டியவை. மொழியும் ஆட்சியும் கொடியும் வேறு; நிலத்தின் விலை ஏற, உழைப்பவன் தள்ளிப் போக வேண்டும் என்ற விதி ஒன்றே.

"அப்படியாயின் அவர்கள் என்றென்றும் குடிசையிலேயே கிடக்க வேண்டுமா?" என நண்பர்கள் சிலர் எம்மிடம் கேட்பதுண்டு. முற்போக்கு எண்ணமுடைய நண்பர்களும் அவர்களுள் உளர். மாடி வீட்டை நாம் எதிர்க்கவில்லை. நிலம் குறுகிய நகரத்தில் மாடிகள் எழுவது தவிர்க்க முடியாதது. நாம் எழுப்பும் வினாக்கள் மூன்று. முதலாவது, வீடு எங்கே கட்டப்படுகின்றது? உழைப்பவன் நடந்து வேலைக்குச் செல்லத்தக்க தூரத்திலா, அன்றி அவனது கூலியைப் பிரயாணமே விழுங்கும் தூரத்திலா? இரண்டாவது, அது யாருடைய பெயரில், எவ்வளவு சுமையோடு தரப்படுகின்றது? உறுதி வைத்திருந்தவனை முப்பது ஆண்டுக் கடனாளியாக்குவது வீடமைப்பா? மூன்றாவது, யார் தீர்மானித்தார்? 1980களிலே வடிகால் எங்கே அமைய வேண்டும் என்று பேசும் உரிமை தோட்டத்து மக்கள் மன்றத்துக்கு இருந்தது. அதன்பின் வந்த மாடித் திட்டங்களிலே எத்தனை பேரிடம் கருத்துக் கேட்கப்பட்டது?

இம்மூன்று வினாக்களுக்கும் நல்ல விடை தரும் திட்டம் பன்னிரண்டு மாடியாயினும் வரவேற்போம். விடை தராத திட்டம் பளிங்கினாற் கட்டப்பட்டாலும் அது அபிவிருத்தியாகாது. கடலை நிரப்பி 269 ஹெக்டயர் புதுநிலத்தைத் துறைமுக நகரமென உண்டாக்க முடிந்த ஒரு நாட்டிலே, 900 ஏக்கரில் நெருங்கி வாழும் உழைப்பாளருக்கு நகர நடுவில் நிலம் இல்லை என்று எவராவது கூறினால், அதனை நாம் நம்ப வேண்டுமா?

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் இதிலொரு கடமை உண்டு. நகரத்தில் எவர் எங்கே வாழ்ந்தார், எப்பொழுது எழுப்பப்பட்டார், எங்கே அனுப்பப்பட்டார் என்ற வரலாறு அதிகாரிகளின் கோப்புகளிலே அவர்களுக்கு ஏற்றவாறு எழுதப்படுகின்றது. மறுபக்கத்தை எழுதுவோர் சிலரே. ஒவ்வொரு வகுப்பிலும் வரவு இடாப்பு இருக்கின்றது. அதில் முகவரி மாறிய பிள்ளைகள் எத்தனை பேர், மாறியபின் பாடசாலையை விட்டவர் எத்தனை பேர், அவ்வீடுகளிற் செல்லும் தவணை எவ்வளவு, நின்றுபோன கூலி எவ்வளவு எனக் கணக்கெடுப்பது எவருக்கும் இயலாத காரியமன்று. சமூகக்கல்வியை நூலில் மாத்திரம் கற்பிக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. அக்கணக்கை மக்களிடமே கொடுப்போமாயின், அடுத்த முறை தவணைத் தாளோடு ஓர் அதிகாரி வரும்பொழுது, நாட்டாமை ஒருவர் தனித்து நின்று விரல் மடக்க வேண்டியிராது. அத்தொடர்மாடியின் எல்லா மாடியினரும் ஒரே கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி வருவார்கள். அவர்கள் கூடிக் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூறும் கடமையிலிருந்து எந்த அரசாங்கமும் நெடுநாள் தப்ப முடியாது.